குற்றத்தின் காரணம் யாது? – கோட்பாடுகளும் அவற்றின் சமூகத் தளமும்

மனிதர் ஏன் குற்றம் புரிகின்றனர் என்னும் வினா மிகப் பழையது. சமயவாதிகள் பாவமென்றும் ஊழென்றும் விடை பகர்ந்தனர். சட்ட அறிஞர் தீய எண்ணம் என்றனர். மருத்துவர் மண்டையோட்டிலும் குருதியிலும் விடை தேடினர். சமூகவியலாளர் சமூக அமைப்பைச் சுட்டினர். முற்போக்கு நோக்குடைய எம்மவரிடையேயும் ஆயத்தமான விடையொன்று நெடுங்காலமாக வழங்கி வருகின்றது. வறுமையே குற்றத்தின் தாய் என்பது அவ்விடை. பசியினால் திருடியவன், அவனை அடித்த பொலிசார், அவனுக்குத் தண்டனை விதித்த நீதவான் என்னும் மூவரையும் கொண்டு புனையப்பட்ட சிறுகதைகள் நம்மிடையே ஒரு வாய்பாடாகவே ஆகிவிட்டன.

இவ்விடை மனிதாபிமானம் மிக்கது என்பதில் ஐயமில்லை. ஆயினும் அது போதியதன்று என்பதும், சிலவேளைகளில் அது எவருக்காகப் பரிந்து பேசுகின்றதோ அவ்வேழை மக்களுக்கே ஊறு விளைப்பது என்பதும் ஈண்டு எமது வாதமாகும். ஏழ்மை குற்றத்தைப் பிறப்பிக்கின்றது என்று நாம் பரிவுடன் கூறுவதற்கும், ஏழைகள் குற்றவாளிகள் என்று அதிகாரவர்க்கம் ஐயுறவுடன் கூறுவதற்கும் இடையேயுள்ள தூரம் நாம் எண்ணுவது போல் அத்துணை பெரிதன்று. எனவே குற்றத்தின் காரணம் பற்றித் தோன்றிய பிரதான கோட்பாடுகளை அவை எழுந்த சமூகச் சூழலில் வைத்து நோக்குதல் பயனுடையதாகும்.

1. சுதந்திர சித்தம் என்னும் கருத்து

நவீன குற்றவியற் சிந்தனையின் தொடக்கமாகப் பொதுவாகக் கொள்ளப்படுவது, மிலான் நகரைச் சேர்ந்த பெக்காரியா 1764இல் வெளியிட்ட குற்றங்களும் தண்டனைகளும் பற்றிய சிறு நூலாகும். சித்திரவதையும் பகிரங்க மரணதண்டனையும் வழக்காயிருந்த ஐரோப்பாவில், தண்டனை குற்றத்துக்கு ஏற்ற அளவினதாய் இருத்தல் வேண்டும் என்றும், கொடூரமான தண்டனையிலும் நிச்சயமான தண்டனையே குற்றத்தைத் தடுக்கும் என்றும் அவர் எடுத்துரைத்தார். இங்கிலாந்தில் பெந்தம் இக்கருத்தை மேலும் வளர்த்தார். மனிதன் இன்பத்தையும் துன்பத்தையும் கணக்கிட்டுச் செயற்படுபவன். குற்றத்தால் வரும் இலாபத்திலும் தண்டனையால் வரும் நட்டம் மிகுதியாயின் அவன் அதனைத் தவிர்ப்பான் என்பது இச்சிந்தனையின் சாரமாகும்.

நிலமானிய முறையின் தான்தோன்றித்தனமான நீதிக்கு எதிராக எழுந்த இக்கருத்து அக்காலத்தில் முற்போக்கானதே. ஆயின் இது காட்டும் மனிதன் யார்? சந்தையிலே பேரம் பேசும் வணிகனின் சாயலே அவனிடம் காணப்படுகின்றது. சட்டத்தின் முன் யாவரும் சமம் எனக் கொண்ட இக்கோட்பாடு, அச்சட்டத்தின் முன் வந்து நிற்பவர்கள் சமமற்ற வாழ்நிலைகளிலிருந்து வருகின்றனர் என்பதைக் கணக்கில் எடுக்கவில்லை. உடைமையுள்ளவனும் உடைமையற்றவனும் ஒரே தராசில் இன்பதுன்பங்களை நிறுப்பதில்லை.

2. உடலிற் குற்றம் தேடியோர்

பெக்காரியா செயலை நோக்கினார் எனில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்கூறில் அதே இத்தாலியிற் தோன்றிய மருத்துவரான லொம்புறோசோ செய்தவனின் உடலை நோக்கினார். 1876இல் வெளிவந்த அவரது நூல் ‘பிறவிக் குற்றவாளி’ என்னும் வகையினனைப் பற்றிய கருத்துக்கு வித்திட்டது. பரிணாம வளர்ச்சியிற் பின்தங்கி, ஆதிமனிதனின் இயல்புகளுடன் பிறந்தவனே குற்றவாளி என்றும், தாடை, நெற்றி, காது ஆகியவற்றின் அமைப்பைக் கொண்டு அவனை இனங்காணலாம் என்றும் அவர் கருதினார். இம்முடிவுக்கு அவரை இட்டுச் சென்றது தென் இத்தாலியின் கலாபிரியாப் பகுதியைச் சேர்ந்த விலெல்லா என்னும் கைதியொருவனின் மண்டையோடாகும்.

அந்த மண்டையோடு தெற்கைச் சேர்ந்தது என்பது தற்செயலானதன்று. 1861இல் இத்தாலி ஒன்றிணைக்கப்பட்ட பின் தெற்கின் விவசாயிகளிடையே மூண்ட கிளர்ச்சிகளும் கொள்ளைகளும் இராணுவத்தால் அடக்கப்பட்டன. வடக்கின் முதலாளித்துவம் தெற்கைச் சுரண்டிய உண்மை, தெற்கத்தியரின் பிறவிக் குறைபாடு என்னும் ‘விஞ்ஞான’ உண்மையாக உருமாற்றப்பட்டது. தென்னகப் பிரச்சினை பற்றி 1926இல் எழுதிய கிராம்ஷி இதனைத் தெளிவாகச் சுட்டியுள்ளார். லொம்புறோசோவின் மாணவரான என்றிக்கோ பெர்ரி போன்றோர் சோஷலிசவாதிகளாகவே விளங்கினர் என்பதும், பின்னாளில் பெர்ரி முசோலினியின் ஆதரவாளரானார் என்பதும் இங்கு மனங்கொள்ளத்தக்கன. இடதுசாரிச் சொல்லாட்சி மட்டும் ஒருவரைத் தவறான விஞ்ஞானத்திலிருந்து காப்பாற்றிவிடுவதில்லை.

இங்கிலாந்திற் கோறிங் என்னும் சிறை மருத்துவர் ஏறத்தாழ 3,000 கைதிகளை அளந்து ஆராய்ந்து, குற்றவாளிக்கெனத் தனியான உடலமைப்பு எதுவுமில்லை என 1913இல் நிறுவினார். ஆயினும் இச்சிந்தனை மடியவில்லை. மேலதிகமான ஒரு ‘வை’ நிறமூர்த்தத்துடன் பிறக்கும் ஆண்கள் வன்முறையாளர் என்னும் கருத்து 1965இன் பின் பரபரப்பாகப் பேசப்பட்டது. டென்மார்க்கில் உயரமான 4,139 ஆண்களைச் சோதித்து 1976இல் வெளியிடப்பட்ட ஆய்வு, அத்தகையோர் பன்னிருவரே எனவும், அவர்கள் வன்முறையில் விஞ்சியவரல்லர் எனவும் காட்டியது. பரம்பரையும் சிறுபராய ஊறுகளும் மனித நடத்தையைப் பாதிக்கின்றன என்பதை இன்றைய ஆய்வுகளைக் கற்ற எவரும் மறுக்கார். ஆனால் உடல் ஒருவனுக்குச் சினத்தை அளிக்கலாமேயன்றி, எச்சினம் குற்றமாகும் எது வீரமாகும் என்பதை உடல் தீர்மானிப்பதில்லை. அதனைத் தீர்மானிப்பது சமூகமே.

பிறவிக் குற்றவாளி என்னும் எண்ணம் ஏட்டளவில் நின்றுவிடவில்லை என்பதற்குத் தமிழகமும் சான்றாகும். லொம்புறோசோவின் நூலுக்கு ஐந்தாண்டுகள் முன்னதாகவே, 1871இல், பிரித்தானியர் இந்தியாவிற் குற்றப் பரம்பரைச் சட்டத்தை இயற்றினர். 1911ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின் அது சென்னை மாகாணத்துக்கும் விரிவாக்கப்பட்டது. பிரமலைக் கள்ளர் முதலிய சமூகத்தினர் பெயர் பதிவு செய்யவும், கைரேகை வைக்கவும், இரவில் குறித்த இடத்தில் தங்கவும் நிர்ப்பந்திக்கப்பட்டனர். ஒரு குழந்தை பிறந்த சாதியே அதன் குற்றச்சாட்டுப் பத்திரமாயிற்று. 1952இல் இந்தியா முழுவதிலும் அச்சட்டம் நீக்கப்பட்ட போதிலும், வழக்கமான குற்றவாளிகள் பற்றிய சட்டங்கள் அதனிடத்தைப் பிடித்தன.

3. சமூகத்திற் காரணம் தேடியோர்

பிரான்சின் நீதித்துறைப் புள்ளிவிபரங்கள் 1827 முதல் வெளியிடப்பட்டன. அவற்றை ஆராய்ந்த பெல்ஜிய அறிஞரான கெற்லே வியப்பூட்டும் உண்மையொன்றைக் கண்டார். ஆண்டுதோறும் நிகழும் கொலைகளின் தொகை மட்டுமன்றி, அவற்றுக்குப் பயன்பட்ட ஆயுதங்களின் விகிதமும் ஏறத்தாழ மாறாதிருந்தது. தனிமனிதரின் சுதந்திர சித்தமே குற்றத்தின் ஊற்றெனின் இவ்வொழுங்கு எங்ஙனம் வந்தது? சமூகமே குற்றத்தை ஆயத்தம் செய்கின்றது என்னும் முடிவுக்கு அவர் வந்தார். 1853இல் மரணதண்டனை பற்றி நியூயோர்க் பத்திரிகையொன்றில் எழுதிய மார்க்ஸ் இப்புள்ளிவிபரங்களையே எடுத்தாண்டு, தூக்கிலிடுவோனைப் போற்றுவதை விட இக்குற்றங்களை விளைவிக்கும் அமைப்பை மாற்றுவது பற்றிச் சிந்திப்பதே தக்கது என வாதிட்டார்.

ஆனால் கெற்லேயின் ஆய்வில் நம்மவர் பெரும்பாலும் கவனியாத பிறிதோர் உண்மையுமுண்டு. பிரான்சின் மிக வறிய மாவட்டங்கள் குற்றம் மிகுந்தவையாய் இருக்கவில்லை. கிறஸ் போன்ற வறிய மாவட்டங்களிற் குற்றம் குறைவாகவே காணப்பட்டது. வறுமையினும் சமமின்மையும், வசதியான வாழ்விலிருந்து திடீரென வீழ்வதுமே முக்கியமானவை என அவர் கருதினார். வறுமையே குற்றத்தின் தாய் என்னும் வாய்பாடு, குற்றப் புள்ளிவிபரவியல் பிறந்த காலத்திலேயே ஐயத்துக்குள்ளாகிவிட்டது எனலாம்.

டுர்க்கைம் 1895இல், குற்றம் நோயன்று, எச்சமூகத்திலும் காணப்படும் இயல்பான நிகழ்வே என்றார். புனிதர்கள் மட்டும் வாழும் சமூகமொன்றிலும் நமக்கு அற்பமாய்த் தோன்றும் பிழைகள் அங்கு பெருங்குற்றங்களாகக் கொள்ளப்படும் என்பது அவர் வாதம். அவர் விளக்கிய நெறியின்மை என்னும் கருத்தை அமெரிக்கச் சூழலுக்கு ஏற்ப மாற்றியவர் மேர்ட்டன். 1938இல் எழுதிய கட்டுரையில், செல்வமே யாவருக்கும் உரிய இலக்கு என்று போதிக்கும் சமூகம், அதனை அடைவதற்கான நேரிய வழிகளைப் பலருக்கு அடைத்து வைப்பதனாற் பிறழ்வு தோன்றுகின்றது என அவர் காட்டினார். பெருமந்தக் காலத்து அமெரிக்காவின் முரண்பாட்டை அவர் நுணுக்கமாகக் கண்டார். ஆயினும் அவ்விலக்கை வகுத்தது யார், வழிகளை அடைத்தது யார் என்னும் வினாக்களை அவர் தொடரவில்லை.

அவ்வினாக்களைத் தொட்டவர் டச்சு மார்க்சியரான வில்லெம் பொங்கர். 1905இல் வெளியான அவரது ஆய்வு, முதலாளித்துவ உற்பத்திமுறை மனிதரிடையே தன்னலத்தை வளர்த்துச் சமூக உணர்வை மழுங்கச் செய்கின்றது என்றும், இது முதலாளியையும் தொழிலாளியையும் ஒருங்கே பாதிக்கின்றது என்றும் கூறியது. ஏழையின் பசியை மட்டுமன்றிச் செல்வனின் பேராசையையும் ஒரே கோட்பாட்டுக்குள் கொணர முயன்றமை பொங்கரின் சிறப்பு. 1940இல் நாசிப் படைகள் நெதர்லாந்தினுள் நுழைந்தபோது, இனவாதக் குற்றவியலை எதிர்த்து எழுதிய அவர் தம் உயிரை மாய்த்துக் கொண்டார்.

4. எது குற்றம்? எவர் விதித்தார்?

இதுவரை நோக்கிய கோட்பாடுகள் யாவும் ஒரு பொது எடுகோளைக் கொண்டுள்ளன. குற்றம் எது என்பது முன்பே அறியப்பட்டது, அதன் காரணத்தைக் காண்பதே எஞ்சியுள்ளது என்பதே அது. இவ்வெடுகோளைக் கேள்விக்குள்ளாக்கிய முதல் எழுத்துக்களுள் ஒன்று, இருபத்துநான்கு வயதினரான மார்க்ஸ் 1842இல் றைன்லாந்துப் பத்திரிகையொன்றில் எழுதிய விறகுத் திருட்டுச் சட்டம் பற்றிய கட்டுரைத் தொடராகும்.

காட்டில் வீழ்ந்து கிடக்கும் சுள்ளிகளைப் பொறுக்குதல் ஏழை விவசாயிகளின் வழக்காற்று உரிமையாகும். காடு தனியுடைமையாகி, மரத்துக்குச் சந்தை விலை ஏறியபோது அவ்வுரிமை களவென்று பெயர் பெற்றது. 1836இல் பிரஷ்யாவில் தொடரப்பட்ட ஏறத்தாழ 207,000 வழக்குகளில் 150,000 வரையிலானவை விறகுத் திருட்டும் பிற வனக் குற்றங்களுமே. றைன் மாகாண சபையில் விவாதிக்கப்பட்ட சட்டம், வீழ்ந்த சுள்ளிக்கும் வெட்டிய மரத்துக்கும் இடையேயுள்ள வேறுபாட்டையே அழித்தது. அபராதப் பணம் காட்டுடைமையாளனுக்கே செல்வதற்கும் அது வழி செய்தது. இங்கு மாறியது விவசாயியின் மனமன்று, மண்டையோடன்று, வறுமையுமன்று. நேற்றுச் செய்ததையே அவன் இன்றும் செய்தான். நேற்று அது உரிமை, இன்று அது குற்றம். இவ்விவாதமே தம்மை முதன்முதலிற் பொருளாதாரப் பிரச்சினைகளின்பால் திருப்பியது என மார்க்ஸ் 1859இல் நினைவுகூர்ந்தார். இங்கிலாந்தில் 1723ஆம் ஆண்டின் கறுப்புச் சட்டம் ஐம்பதுக்கு மேற்பட்ட செயல்களை மரணதண்டனைக்குரியன ஆக்கியமையை ஈ. பி. தொம்சன் 1975இல் ஆராய்ந்தபோது, வெளிப்பட்டது இதனையொத்த வரலாறே.

நமது நாட்டின் வரலாறும் இதற்குப் புறம்பானதன்று. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காடும் தரிசும் பயிரிடப்படாத நிலமும் மாறாக நிரூபிக்கப்படும் வரை முடிக்குரியவை எனக் கொண்டது. தலைமுறை தலைமுறையாகச் சேனை வெட்டியவன் அத்துமீறியவனானான். அக்காலத்தில் உயர் அரசாங்க உத்தியோகத்தர் பலர் தாமே கோப்பித் தோட்டக் காணிகளை வாங்கியோராய் இருந்தனர் என்பது குறிப்பிடத்தக்கது. தென்னிந்தியாவிலிருந்து கொணரப்பட்ட தோட்டத் தொழிலாளரின் நிலையோ இன்னும் தெளிவான சான்றாகும். 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சேவை ஒப்பந்தக் கட்டளைச் சட்டத்தின்படி, முன்னறிவித்தலின்றித் தோட்டத்தை விட்டு நீங்குதல் சிறைத்தண்டனைக்குரிய குற்றம். வேறிடங்களில் குடியியல் வழக்காக முடியும் ஒப்பந்த மீறல், இங்கு கடனில் அமிழ்ந்த கூலியைச் சிறைக்கு அனுப்பியது. 1920களின் தொடக்கத்தில் இவ்வேற்பாடு நீக்கப்படும் வரை, லயத்திலிருந்து இரவில் ஓடிய தொழிலாளி நீதிமன்றப் பதிவேட்டில் ஒரு குற்றவாளியாகவே இடம்பெற்றான். அவன் ‘குற்ற’த்தின் காரணத்தை அவனுடைய உளவியலிலே தேடுவோமாயின் நாம் நகைப்புக்குரியவராவோம்.

இதற்கு மறுபக்கமுமுண்டு. அமெரிக்கச் சமூகவியலாளரான சதர்லாந்து, 70 பெருங்கம்பனிகளின் சட்டமீறல்களை ஆராய்ந்து 1949இல் வெளியிட்ட நூலில், அவற்றுக்கெதிராக நீதிமன்றங்களும் ஆணைக்குழுக்களும் வழங்கிய 980 தீர்மானங்களைத் தொகுத்துக் காட்டினார். இவ்வதிபர்கள் ஏழைகளல்லர், உடைந்த குடும்பங்களிலிருந்து வந்தோரெனவும் கூறமுடியாது. கம்பனிகளின் பெயர்களை நீக்கிய பின்னரே பதிப்பாளர் அந்நூலை வெளியிட்டனர். பெயர்களுடன் கூடிய முழுமையான பதிப்பு 1983இலேயே வெளிவந்தது. ஏழையின் பெயர் பொலிஸ் பதிவேட்டில் நிலைத்திருக்க, கம்பனியின் பெயர் ஆய்வுநூலிலிருந்தும் அழிக்கப்படுகின்றது. முத்திரை எவர்மீது குத்தப்படுகின்றது என்பதே பிறழ்வை ஆக்குகின்றது என 1963இல் பெக்கர் வகுத்த கோட்பாடும் இவ்வுண்மையின் ஒரு கூறையே தொட்டு நின்றது.

5. எமது கோட்பாட்டின் இடர்ப்பாடுகள்

இவ்வளவும் கூறியபின், எது குற்றம் என்பதை ஆளும் வர்க்கமே விதிக்கின்றது எனக் கூறி வினாவை முடித்துவிடல் எளிது. 1970களில் தீவிரக் குற்றவியலாளர் சிலர் அவ்வாறே செய்தனர். கள்வனைப் புரட்சியாளனாகவும் கண்டனர். ஆனால் விறகு பொறுக்குதல் வேறு. தோட்ட லயத்திலே மனைவியை அடித்துக் கொல்லுதல் வேறு. ஏழையின் சேமிப்பைத் திருடுபவன் பெரும்பாலும் அயலிலுள்ள இன்னோர் ஏழையே. 1973இல் புதிய குற்றவியல் என்னும் நூலை எழுதிய மூவருள் ஒருவரான யொக் யங், 1984இல் ஜோன் லீயுடன் எழுதிய நூலில், குற்றத்தினால் மிகுதியும் துன்புறுவோர் உழைக்கும் மக்களே என்பதை இடதுசாரிகள் புறக்கணித்தமையை ஒளிவுமறைவின்றி ஏற்றுக்கொண்டார்.

மேலும் இரு உண்மைகள் நம்மை நிதானிக்கச் செய்கின்றன. பெண்கள் ஆண்களிலும் செல்வர்களல்லர்; எனினும் எந்நாட்டிலும் தண்டிக்கப்படுவோரில் மிகப் பெரும்பாலோர் ஆண்களே. வர்க்கத்தை மட்டும் கொண்டு இதனை விளக்கமுடியாது. ஆணாதிக்கம் என்னும் வேறொரு உறவும் இங்கு தொழிற்படுகின்றது. அடுத்ததாக, அமெரிக்காவில் 1990களின் தொடக்கத்திலிருந்து வருமானச் சமமின்மை வளர்ந்தபோதும் களவும் கொலையும் நெடுங்காலம் குறைந்தே சென்றன. 2008இன் பொருளாதார நெருக்கடியும் எதிர்பார்த்த பெருக்கத்தைத் தோற்றுவிக்கவில்லை. பொருளியல் அடித்தளத்திலிருந்து குற்றத்துக்கு நேர்கோடொன்று வரைதல் இயங்கியலன்று, அது இயந்திரவாதமே.

6. இலக்கியத்தில் ஒரு சான்று

இக்கோட்பாடுகள் யாவும் மோதும் களமாக ஓர் இலக்கியப் படைப்பை நோக்கி இக்கட்டுரையை நிறைவு செய்யலாம். 1908 முதல் 1911 வரை ஹம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராயிருந்து, நீதவானாகவும் வழக்குகளை விசாரித்த லெனாட் வூல்ஃப், காட்டினுள் அமைந்த கிராமமொன்றைப் பற்றி 1913இல் ஆங்கில நாவலொன்றை வெளியிட்டார். அதன் நாயகனான சிலிந்து என்னும் வேட்டைக்காரன் இரு கொலைகளைச் செய்கின்றான். ஏன் செய்தான்?

சட்டத்தின் விடை, அவன் எண்ணித் துணிந்து சுட்டான் என்பது. அவனொத்தவர்களை விலங்கினும் சற்றே மேலானவராகக் காணும் மேலோரின் விடையும் நாவலிலே ஒலிக்கின்றது. பசி என்றால் அதுவும் அங்குண்டு. ஆனால் கதையமைப்புக் காட்டுவது வேறு. சேனைக்கான அனுமதிச் சீட்டு கிராமத் தலைவனின் கையில் இருக்கின்றது. கடன் வட்டிக்காரனின் கையில் இருக்கின்றது. அவனுடைய மகள்மீது அவ்வட்டிக்காரன் கண்வைக்க, பொய்யான களவு வழக்கொன்று புனையப்பட்டு அவளுடைய கணவன் சிறைக்கு அனுப்பப்படுகின்றான். நீதவான் ஏதோ சூதுண்டு என உணர்ந்தும் சாட்சியத்துக்குக் கட்டுப்பட்டே தீர்ப்பளிக்கின்றான். சிலிந்துவைக் கொலைஞனாக்கியது வயிற்றுப்பசியன்று. முறையிடுவதற்கிருந்த ஒவ்வொரு கதவும் அடைபட்டமையும், நீதியெனப்பட்டதே அவனுக்கெதிரான ஆயுதமானமையுமே.

ஈண்டு வூல்ஃபின் எல்லையையும் நாம் குறிப்பிடல் வேண்டும். அனுமதிச் சீட்டின் கொடுமையை நுணுக்கமாகக் காட்டிய அவர், இறுதியில் கிராமத்தைக் காடு விழுங்குவதாக முடிக்கின்றார். காடு தீமையின் வடிவமாகவும் விதியாகவும் நிற்கின்றது. ஆனால் அக்காட்டை முடியின் உடைமையாக்கிச் சேனையைச் சீட்டுக்குரியதாக்கியது விதியன்று, 1840இன் சட்டமும் அதன் வழித்தோன்றல்களுமே. சமூக உறவு இயற்கையாகத் தோற்றமளிக்கும் இடத்திலேதான் விமர்சகனின் பணி தொடங்குகின்றது.

ஆகவே குற்றம் பற்றி எழுதுவோரும் அவ்வெழுத்தை மதிப்பிடுவோரும் மூன்று வினாக்களை ஒருங்கே எழுப்புதல் அவசியம். இச்செயலைக் குற்றமாக்கியவர் யார், எந்நலன் கருதி? இம்மனிதனை இச்செயலுக்குக் கொணர்ந்த உறவுகள் எவை? இதனால் துன்புற்றவர் யார்? முதல் வினாவை மறந்தோர் அதிகாரத்தின் அகராதியையே விஞ்ஞானமாகக் கொண்டனர். இரண்டாவதை மறந்தோர் மண்டையோட்டை அளந்தனர். மூன்றாவதை மறப்பது முற்போக்காளராகிய எமக்கே உரிய பிழையாக இருந்து வந்துள்ளது. திருடியவனுக்காக இரங்கும் கதைகள் நம்மிடம் பலவுண்டு; திருட்டுக் கொடுத்த ஏழைப் பெண்ணின் கதையும், ஓடிப்போன குற்றத்துக்காகச் சிறை சென்ற தோட்டத் தொழிலாளியின் கதையும் ஒரே பார்வையில் வைத்து எழுதப்படும்போதே நமது யதார்த்தவாதம் வாய்பாட்டிலிருந்து விடுபடும்.